எப்படிப் பறக்கிறது சின்னக்கொக்கு

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காற்று நல்ல பிள்ளையாக இருக்கும். வெயில் ஏற ஏறத்தான் அதற்குக் கொழுப்பும் ஏறும். ரிமோட்டில் பொம்மை விமானம் பறக்கவிடுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், டாக்டர். சங்கத் தலைவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா.

விசாரணையை உங்கள் பல் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டது நல்ல யோசனை. இந்த நாற்காலியில் சாய்ந்தால் முதுகுக்கு இதமாக இருக்கிறது. அந்த விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பல் பிடுங்குகிற இடுக்கியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். செயலாளர் சங்கத்துக்குப் புதியவர் என்பதால் அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குத் தொழில் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்து, பவர் பார்த்து, லென்ஸைத் தீட்டி ஃபிரேமில் உட்கார வைத்துத் தருவேன். எழுத்து தெரிகிறதா, தெரியவில்லையா என்பதுதான் கேள்வி. தாட்சண்யத்துக்கு அங்கே இடமில்லை. அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் சங்கத்தில் யார் புதிதாக விமானம் செய்தாலும் முதலில் என் கையில் கொடுக்கிற வழக்கம் வந்தது. அதை என் ரிமோட்டோடு இணைத்துக்கொண்டு பறக்கவிட்டுப் பார்ப்பேன். கையை எடுத்தால் நேராக மிதக்கிறதா, வேகம் குறைந்தால் ஒருபக்கமாகச் சரிகிறதா, வட்டமடிக்கும்போது உயரத்தைக் கோட்டை விடுகிறதா, இறங்கும்போது புல்லில் வயிற்றை வைக்கிறதா மூக்கை வைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பேன். நான் ‘தேறும்’ என்று சொல்லாத விமானத்தை நம் மைதானத்தில் யாரும் மறுமுறை தூக்கியதில்லை. உங்கள் சிவப்பு விமானத்தை ‘இறக்கை முளைத்த கட்டில்’ என்று நான் சொன்னதும் நீங்கள் பல நாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்களும் வைத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இவ்வளவு பேசுகிறவன் ஏன் ஒரு விமானமும் செய்யவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. செய்தேன். அது பறந்ததைவிட விழுந்தது அதிகம். அதனால் என்ன, திருடர்களுக்குத் தண்டனை கொடுக்கிற நீதிபதிக்குத் திருடத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதோ, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். மாடிப்படிகளில் ஃப்ரிட்ஜைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. குனிந்து செருப்பு மாட்டுவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வார். ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டிகளில் முட்டுக் கொடுத்து வருகிற தெர்மாகோலைக் குப்பையில் போட மனம் வராமல், சூடான கம்பியால் அறுத்து இறக்கை செய்யப் பழகியவர் அவர். அப்படிப் பிறந்ததுதான் சின்னக்கொக்கு. ஒரு ஆள் இரண்டு கைகளையும் விரித்தால் அதற்குள் இறக்கை அடங்கிவிடும். மூக்கில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மோட்டார், அதன் முன்னால் மடங்குகிற விசிறி. மோட்டாரைப் போட்டு மேலே ஏற்றிவிட்டு நிறுத்தினால் விசிறி மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சத்தமே இல்லாமல் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

ஒரு பொம்மைக் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போன இடத்தில் மச்சானுக்கும் அவருக்கும் இந்தப் பேச்சு வந்திருக்கிறது. விமானம் நன்றாக இருந்தால் கம்பெனியே எடுத்துச் செய்யும், கூடவே மச்சானுக்கும் அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

“இனிமே ஃப்ரிட்ஜ் தூக்க வேணாம் மாப்ளே. நாற்காலில உக்காந்து இறக்கை வரைஞ்சிட்டு இருக்கலாம். நீங்க ஒரு தடவை பறக்கவிட்டுப் பாத்து, குறை ஏதாவது இருந்தா சொல்லிருங்க. சரி பண்ணிட்டு அவர்கிட்ட காட்டிடறேன்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். நானும் அதைத்தான் செய்யப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். மச்சான் வீசிவிட்டார். நான் ஏற்றினேன், மோட்டாரை நிறுத்தினேன். கையை எடுத்தேன், நேராகப் போயிற்று. மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தேன். மற்ற விமானங்கள் இந்த இடத்தில் குடித்தவன் மாதிரி ஒருபக்கம் சாயும். இது தலையை லேசாக ஆட்டிவிட்டுத் தானாகச் சுதாரித்துக்கொண்டது. சின்ன வட்டம் போட்டேன், பெரிய வட்டம் போட்டேன், எதிர்க்காற்றில் விட்டுப் பார்த்தேன். என் வாயில் வழக்கமாகத் தயாராக இருக்கிற வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

“என்ன மாப்ளே, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?”

“பாத்துட்டு இருக்கேன் மச்சான்.”

உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குறை இல்லாத விமானத்தை மதிப்பிடுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குப் புரியாது, டாக்டர். கடைக்கு வருகிறவருக்கு எல்லா எழுத்தும் தெரிகிறது என்றால் எனக்கு அங்கே என்ன வேலை?

அப்போது அதற்கு ஏறுகாற்று கிடைத்தது. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து கிளம்புகிற சூடான காற்று அது. அதில் மாட்டிக்கொண்டால் விமானம் மோட்டாரே இல்லாமல் பருந்து மாதிரி மேலே போய்க்கொண்டே இருக்கும். சின்னக்கொக்கு போயிற்று. கைக்குட்டை அளவாகி, பட்டன் அளவாகி, பொட்டு அளவாகிவிட்டது.

“போதும் மாப்ளே, இறக்குங்க.”

“இறங்க மாட்டேங்குது மச்சான்.”

இதுதான் நான் சொன்ன முதல் பொய். இறக்குவதற்கென்று இறக்கைகளின் பின்பக்கம் இரண்டு மடிப்புகளை மச்சான் வைத்திருந்தார். இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் விமானம் லிஃப்டில் வருகிற மாதிரி அடக்கமாகக் கீழே வரும். அதற்கான பொத்தான் என் ஆள்காட்டி விரலுக்கு நேராகத்தான் இருந்தது. நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மும்முரமாக அமுக்கினேன். மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டினார். அந்த இடைவெளியில் நான் விமானத்தைத் தென்னை வரிசைக்குப் பின்னால் கொண்டுபோய், பூட்டிக் கிடக்கிற பழைய கிடங்கின் பக்கம் இறக்கிவிட்டேன். கண்ணால் பார்க்காமலே இறக்கினேன் என்றாலும் கீறல்கூட விழவில்லை. அதுவே அந்த விமானத்துக்கு ஒரு பெரிய சான்று.

சாயங்காலம் நான் தனியாகப் போய் எடுத்துவந்தேன். மறுநாளே மச்சானிடம் கொடுத்து, ‘இந்தாங்க உங்க கொக்கு’ என்று அசத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், “என் விமானம் அவ்ளோ நல்லாப் பறந்துச்சும்மா, திரும்பி வர மனசே இல்லாமப் போயிடுச்சு” என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தத்தைவிடப் பெருமைதான் அதில் அதிகம். ஒரு மனிதன் அப்படிப் பூரித்து நிற்கும்போது அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் தேடப் போனோம். ரிமோட்டின் தொடர்பு விட்டுப்போய்ச் சும்மா கிடந்தால் அந்த மோட்டார் தானாகவே ‘பீப் பீப்’ என்று கத்தும். புல்லுக்குள் விழுந்த விமானத்தைக் கண்டுபிடிக்க உதவுகிற ஏற்பாடு அது. பேட்டரியில் இந்நேரம் உயிர் இருக்காது என்று தெரிந்தும் மச்சான் நாலடிக்கு ஒருமுறை நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக ஏறி இறங்குவார். நானும் பக்கத்தில் நின்று காதில் கை வைத்துக் கேட்டேன். கிடங்குப் பக்கம் போகலாமா என்று அவர் கேட்டபோது, மேலே காற்று எதிர்த்திசையில் அடித்திருக்கும் என்று சொல்லி ஆற்றங்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். என்னைக் கேட்டால், அந்த நடை அவர் உடம்புக்கு நல்லதுதான்.

சனிக்கிழமைகளில் நான் தனியாக, மூடிப்போன கல்குவாரிக்குப் பக்கத்துத் தரிசில் சின்னக்கொக்கின் மதிப்பீட்டைத் தொடர்ந்தேன்.

கடைசியில் மச்சான் தேடுவதை விட்டுவிட்டு இன்னொன்று செய்ய உட்கார்ந்தார். மேனேஜருக்குச் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. “அதே மாதிரியே செய்யட்டுமா, இல்ல ஏதாவது மாத்தணுமா? நீங்கதானே பறக்கவிட்டீங்க, சொல்லுங்க” என்று கேட்டார். ஒரு மனிதர் நம்மை நம்பி யோசனை கேட்கும்போது வெறுங்கையோடு அனுப்புவது முறையில்லை.

“குறைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் மச்சான். அளவுக்கு மீறி நல்லாப் பறக்குது. நம்ம கையிலயே நிக்கலையே, சின்னப் பிள்ளைங்க கையில எப்படி நிக்கும்? வாங்கின அன்னைக்கே காத்தோட போயிருச்சுன்னா கம்பெனிக்காரன் வாசல்ல ஜனங்க கூடிடுவாங்களே.”

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். “அதுவும் நியாயந்தான்.”

“இறக்கையை ரெண்டு பக்கமும் ஒரு சாண் குறைங்க. மூக்குல கொஞ்சம் ஈயம் வைங்க. அடக்க ஒடுக்கமா இருக்கும்.”

அளந்து கோடு போட்டுவிட்டு வெகுநேரம் கம்பியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். “வெட்ட மனசே வரல மாப்ளே” என்றார். பிறகு வெட்டினார். நான்தான் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் அவருக்குக் கண்ணும் கொஞ்சம் மங்க ஆரம்பித்திருந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் கலங்கலாகத் தெரிகிறது என்று கடைக்கு வந்தார். உட்கார வைத்து நிதானமாகச் சோதித்தேன். “கண்ணாடி சரியாத்தான் இருக்கு மச்சான். கண்ணுதான் களைச்சுப் போச்சு. வயசாகுதில்ல” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “தங்கச்சிகிட்ட சொல்லிராதீங்க, பயப்படுவா” என்றார். நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான்.

மேனேஜர் வந்த அன்று, “என் கண்ணை நம்ப முடியல, நீங்களே பறக்கவிடுங்க மாப்ளே” என்று மச்சான் புது விமானத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நான் பறக்கவிட்டதை நீங்களும் ஓரத்தில் நின்று பார்த்தீர்கள், டாக்டர். என் விரல் எங்கேயாவது தப்பு செய்ததா? அந்த விமானத்திடமிருந்து எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவும் கறந்தேன். அது ஏறியது, நின்றது, வீசி எறிந்த செங்கல் மாதிரி இறங்கியது. மேனேஜர் பூட்ஸில் ஒட்டிய முள்ளைத் தட்டிக்கொண்டே, “நீங்க சொன்ன அளவுக்கு இல்லையே, ஆனா நல்ல முயற்சி” என்று சொல்லிவிட்டு, கம்பெனி பெயர் போட்ட சாவி வளையம் ஒன்றை மச்சான் கையில் வைத்துவிட்டுப் போனார். மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் நாலாவது மாடிக்கு ஃப்ரிட்ஜ் ஏற்றப் போய்விட்டார்.

எனக்கும் வருத்தம்தான். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அண்ணன் ஒடிந்துபோய் இருக்கிறார் என்று என் மனைவி அவரை ஒரு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்கு அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. குவாரியிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது மச்சானின் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாகச் சின்னக்கொக்கைப் படுக்கையறை பீரோ மேலே, பழைய போர்வைக்குப் பின்னால் செருகினேன். ரிமோட்டை அணைத்தேன். பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டேன். இத்தனை வருஷம் மற்றவர்களைக் கழற்றச் சொல்லிக் கழுத்தை அறுத்தவன் நான்.

பாதிச் சாப்பாட்டில் அது கத்த ஆரம்பித்தது.

“என்னங்க, உள்ள என்னமோ சத்தம் கேக்குது.”

“பக்கத்து வீடா இருக்கும்.”

“பக்கத்து வீட்டுச் சத்தம் நம்ம பெட்ரூம்ல ஏன் கேக்குது?”

மச்சான் தட்டிலிருந்து நிமிர்ந்தார். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. காதுக்குப் பின்னால் இடது கையை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே சத்தம் வந்த பக்கம் போனார்.

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? பேட்டரியைக் கழற்றினார். அப்படியே விட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்ற கவலை. பிறகு விமானத்தைக் கட்டிலில் வைத்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். வயிற்றில் நான் ஒட்டியிருந்த டேப்பில் விரல் நின்றது. நான் நேர்த்தியாகத்தான் ஒட்டியிருந்தேன். என் மனைவி வாசலில் பேயறைந்த மாதிரி நின்றாள். ‘திருடா’ என்றோ ‘துரோகி’ என்றோ அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எப்படிப் பறக்குது மாப்ளே?”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பக்கக் காற்றில் எப்படித் தோளைக் கொடுத்து நிற்கிறது, குவாரி விளிம்பில் ஏறுகிற காற்றில் எப்படி மணிக்கணக்கில் தொங்குகிறது, வால் எவ்வளவு லேசாகச் சொன்னதைக் கேட்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். யாருடைய விமானத்தையும் நான் அப்படிப் புகழ்ந்ததில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நான் முடித்ததும், “அப்ப எதுக்கு இறக்கையை வெட்டச் சொன்னீங்க?” என்றார்.

“சோறு ஆறுது மச்சான்” என்றேன்.

அவர் எழுந்து கை கழுவினார். விமானத்தை எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். “உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்குத்தான் கண்ணு தெரியலையே, வெச்சு என்ன பண்ண?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என் மனைவி என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொஞ்சம் ஓங்கி வைக்கிறாள்.

இவ்வளவும் உங்களுக்கு மச்சான் சொல்லியே தெரியும். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், செயலாளர் எழுதிக்கொள்ளட்டும். குவாரித் தரிசு பெரிய சாலையிலிருந்து நன்றாகத் தெரிகிற இடம். மச்சான் வண்டி அந்த வழியாகத்தான் போய்வரும். ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு ஃபோன் செய்து, “மாப்ளே, குவாரி மேல ஒண்ணு வட்டமடிக்குது, நம்ம கொக்கு மாதிரியே இருக்கு” என்றார். பருந்தாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எத்தனை நாளைக்குப் பருந்து என்று சொல்ல முடியும்? நல்லவேளையாக அந்த வாரம் அவர் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருந்தார். நான் பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகமில்லை. சாலையும் வண்டியும் தெரியும், வானத்தில் இருக்கிற புள்ளி தெரியாது. அந்த அளவுக்குக் கச்சிதமாகச் செய்வதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, டாக்டர். சரியான கண்ணாடி போட்டால் உங்களையும் என்னையும்விட நல்ல கண். இப்போதும் அந்தக் கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். கதவு வழியாக இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரித் தெரிகிறது, ஆனால் யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? பொறாமை என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. பொறாமைக்காரனாக இருந்தால் அன்றைக்கே அந்த விமானத்தை மிதித்துப் போட்டிருக்க மாட்டேனா? நான் அதைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடி ஒரு பிரச்சினையே இல்லை. சரியான லென்ஸ் கடையிலேயே இருக்கிறது, இன்று சாயங்காலமே மாற்றிப் போட்டுவிடலாம். மேனேஜர் இன்னொரு தடவை வந்து பழைய சின்னக்கொக்கைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், உடனே கொண்டுவந்து ஒப்படை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நியாயமான பேச்சுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலக் காற்றில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஈரக் காற்றில்தான் விமானத்தின் உண்மையான குணம் வெளியே வரும். மச்சான் என்னை முழுசாக நம்பி மதிப்பீட்டுக்குக் கொடுத்தார், டாக்டர். அதைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு நான் துரோகம் செய்தவன் ஆகிவிட மாட்டேனா?